சுவரைக் கொத்திய கோழிகள்

1

இந்தக் கதை கதையாகத் தொடங்கவில்லை, துண்டறிக்கையாகத் தொடங்கியது. போன தை மாதம் பயிருக்கும் கோழிக்கும் யோசனை சொல்ல வருகிற கிராம சேவக் வரதன் பொன்னேரியில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு வேலை சொன்னார். கோழி முட்டையின் ஓடு கெட்டியாக இருக்க என்ன செய்ய வேண்டும் என்று வீட்டுப் பெண்களுக்குப் புரிகிற மாதிரி நாலு பக்கம் எழுதித் தர வேண்டும்.

"நான் எழுதுனா சர்க்காரு காயிதம் மாதிரி வந்துடுதும்மா. நீங்க பத்திரிகையில எழுதறவங்க, ஒரு சாயங்காலத்து வேலை" என்றார்.

எனக்கும் பெருமை தாங்கவில்லை. இரண்டு கதைகள் அச்சில் வந்திருந்தன, மூன்றாவது திரும்பி வந்திருந்தது. உடனே உட்கார்ந்தேன்.

'முட்டை ஓடு மெலிவதற்கு முதல் காரணம், கோழியின் தீனியில் சுண்ணாம்புச் சத்து குறைவதே' என்று முதல் வாக்கியம் வந்தது. அடுத்த வாக்கியம், 'இதை அறியாமல் சிலர், முட்டையைச் சுமந்து வருகிறவர்கள் மேல்

அங்கேயே நின்றுவிட்டது. துண்டறிக்கைக்கு அந்த வாக்கியம் வேண்டாம், வரதன் கேட்கவுமில்லை. ஆனால் பேனா வேறு எங்கும் போக மாட்டேன் என்றது. பத்து நாள் கழித்து அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டுத்தான் துண்டறிக்கையை முடித்துக் கொடுத்தேன். எடுத்துப் போட்ட பாதி வாக்கியம்தான் இப்போது நீங்கள் படிப்பது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இதில் ரஷீதா என்று ஒரு மணப்பெண் வருவாள். அது நான்தான். அவளை 'அவள்' என்றே எழுதப்போகிறேன். 'நான்' என்று எழுதிப் பார்த்தேன், வரிக்கு வரி எனக்கு ஒரு சாக்கு கிடைத்துக்கொண்டே இருந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பழவேற்காட்டு ஏரியின் மேல் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நாரைகள்

அடித்துவிட்டேன். ஏரிக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் உண்டு. நாரைகள் ஒரு பாவமும் அறியாதவை.

இரண்டாவது தொடக்கம்: 'மெஹர்னிசாவிடம் பதினான்கு கோழிகள் இருந்தன.' இது உண்மை. இதையே வைத்துக்கொள்வோம்.

மெஹர்னிசாவிடம் பதினான்கு கோழிகள் இருந்தன. அவள் கணவர் அசன் முகைதீனுக்குச் சென்னை மண்ணடியில் கைலிக் கடை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை பழவேற்காட்டு வீட்டுக்கு வருவார். வந்தால் வீடு அவருடையது, தோட்டம் அப்போதும் மெஹர்னிசாவுடையது. வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்தத் தோட்டத்தில் ஒரு கிணறு, இரண்டு முருங்கை மரம், கோழிகள். மகள் ரஷீதா எந்நேரமும் கையில் ஒரு புத்தகத்தோடு உள்ளே இருப்பாள். தோட்டத்துக்கு வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

மூக்கைப் பொத்தியதற்குக் காரணம் பச்சையம்மா. மீனவர் குப்பத்துக்காரி. அவள் வீட்டுக்காரர் ஏரியில் மட்டி அள்ளுவார். மட்டி என்றால் உள்ளங்கைக்குள் அடங்குகிற சிப்பி. அதை அவித்துக் கறியை எடுத்து நல்ல தண்ணீரில் அலச வேண்டும். குப்பத்துக் கிணறு உப்பு, மெஹர்னிசாவின் கிணறு தேங்காய்த் தண்ணீர் மாதிரி இருக்கும். எட்டு வருஷமாகப் பச்சையம்மா பின்கதவு வழியாக வந்து கிணற்றடியில் உட்கார்ந்து மட்டி உரிப்பாள். ஓடுகளை மூலையில் எறிவாள். கறியும் மீனும் பொன்னேரிக்குப் போகும்போது மெஹர்னிசாவின் முட்டைகளையும் உமிக்குள் பதித்து எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு வருவாள். யாரும் பேசி வைத்த ஏற்பாடில்லை, அப்படியே அமைந்துவிட்டது.

"பாயம்மா, உன் கோழிங்க என் மட்டி ஓட்டையெல்லாம் துன்னுது பாரு."

"துன்னட்டும் உடு. எட்டு வருசமா உன் மட்டி நாத்தத்த நான் துன்னுக்கினு இல்ல?"

"நாத்தமாம். போன வாரம் ஒரு சட்டி வாங்கி வறுத்தியே, அப்ப மணந்துச்சா?"

இப்படியே போகும். [இந்தப் பேச்சு இன்னும் ஒரு பக்கம் இருந்தது. சிரிப்பாக இருந்ததால் எடுத்துவிட்டேன். சிரிக்க வைத்தால், பின்னால் வரப்போவதை வாசகர் மன்னித்துவிடுவார்.]

கோழிகள் ஓட்டைக் கொத்தின என்பதை எல்லோரும் பார்த்தார்கள். கோழி எதைத்தான் கொத்தாது? அதில் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் இருந்தார்கள்.

3

ரஷீதாவுக்குப் பொன்னேரியில் சம்பந்தம் முடிவானது. மாப்பிள்ளை கிஃபாயத்துல்லாவுக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. நோன்புப் பெருநாள் முடிந்ததும் நிக்காஹ். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து.

கல்யாணம் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு யாரும் சுண்ணாம்பைக் கடையில் போய் வாங்குவதில்லை. ஓடு இருக்கிறவர்கள் அதை வண்டியில் ஏற்றிக் காளவாய்க்கு அனுப்புவார்கள். அங்கே சுட்டு நீற்றிச் சுண்ணாம்பாகத் திருப்பிக் கொடுப்பார்கள். ஏரியில் கிடந்தது சுவருக்கு வந்துவிடும்.

மெஹர்னிசா முதலில் கொஞ்சம் ஓட்டை மட்டும் அனுப்பலாம் என்றுதான் இருந்தாள். ரஷீதாதான் சொன்னாள்: "அந்த மூலையில இடுப்பு ஒசரத்துக்குக் கெடக்குதே உம்மா, மாப்ள ஊட்டுக்காரங்க வர்றப்பவும் அது அங்கயே இருக்கணுமா?"

நியாயமான பேச்சு. வண்டி வந்தது. எட்டு வருஷத்து ஓடு மூன்று நடை ஆனது. கூடையில் வாரி வண்டியில் கொட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? பச்சையம்மாதான். "பாப்பா கல்யாணத்துக்கு என் மொய் இது" என்று சொல்லிக்கொண்டே கொட்டினாள்.

கடைசி நடை போனதும் மெஹர்னிசா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "பச்ச, கல்யாணம் முடியற வரைக்கும் மட்டி இங்க வேணாம். வர்றவங்க மொகம் சுளிப்பாங்க."

"அதுக்கு இன்னா பாயம்மா. பக்கத்துத் தெரு மணவாளன் ஊட்டுக் கெணத்தாண்ட உரிச்சுக்கறேன்."

கல்யாணம் முடிந்தது. மறுபடி வந்து உரி என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, வரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. முட்டையை எடுத்துப்போக மட்டும் வந்துகொண்டிருந்தாள். மூலையைக் கொத்திவிட்டு மெஹர்னிசா கனகாம்பரம் வைத்தாள். வீடு புது வேட்டி கட்டிய மாதிரி இருந்தது.

4

ஒரு வாரம் கழித்துக் கோழிகள் சுவரைக் கொத்த ஆரம்பித்தன.

பின்பக்கச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குள், குழி குழியாக. விரட்டினால் ஓடும், திரும்பினால் வந்து நிற்கும். புது மாப்பிள்ளை விருந்துக்கு வருகிற சமயம். மெஹர்னிசாவுக்கு வந்த ஆத்திரத்தில் பதினான்கையும் பிடித்து விறகுக் கொட்டகையில் அடைத்துத் தட்டியைச் சாத்தினாள். உள்ளேயே தவிடு, உள்ளேயே தண்ணீர். காலையில் அரைமணி நேரம் மட்டும் விடுவாள், அதுவும் கையில் குச்சியோடு நின்றுகொண்டு.

[இங்கே ஒரு உவமை எழுதினேன்: 'வீட்டுக்குள்ளேயே அடைபட்டு வாழ்ந்தவள், தன் கோழிகளையும்' என்று. ஒரு நாள் முழுக்க அந்த வரியைப் பார்த்துப் பூரித்துப்போயிருந்தேன். மறுநாள் அடித்தேன். என் உம்மா அடைபட்டவள் இல்லை. மண்ணடிக்குத் தனியாகப் போய் வாப்பாவின் கடைக் கணக்கப்பிள்ளையை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டு வந்தவள். கோழியை அடைத்தது சுவர் கெட்டுப்போகிறது என்பதற்காக, அவ்வளவுதான். நல்ல உவமை கிடைத்தது என்பதற்காகப் பெற்றவளை மாற்றி எழுத முடியாது.]

ஓடு மெலிய ஆரம்பித்தது அப்போதுதான். ஒன்றிரண்டு ஓடே இல்லாமல் தோலோடு விழுந்தன. அது வெயிலுக்கு என்று மெஹர்னிசா நினைத்தாள். அந்த ஆனி மாத வெயிலுக்கு எதையும் நினைக்கலாம்.

இந்த இடத்தில் வாசகர் என்னை மடக்குவார் என்று தெரியும். தினமும் முட்டை உடைக்கிற கைக்கு ஓடு மெலிந்தது தெரியாதா? இந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லையே? எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. நேரே உம்மாவிடமே கேட்டேன்.

"ஒடையணும்னுதானேடி முட்டைய எடுக்கறேன். ஒடைஞ்சிச்சு. கெட்டியா ஒடைஞ்சிச்சா மெலிசா ஒடைஞ்சிச்சான்னு யாரு பாத்துக்கினு இருந்தா?"

பாத்திரத்தை நம்பிவிட்டேன். நீங்களும் நம்பலாம்.

5

ஆவணியில் ரஷீதா உண்டாகியிருந்தாள். மெஹர்னிசா வாரம் இரண்டு தடவை, தடவைக்குப் பன்னிரண்டு முட்டை, மகளுக்கு அனுப்ப ஆரம்பித்தாள். சுமந்து வருவது பச்சையம்மா. பழவேற்காட்டில் பஸ் ஏறினால் பொன்னேரி. சந்தைக்குப் போகும் முன் ரஷீதா வீட்டுக் கதவைத் தட்டுவாள்.

முதல் கூடையில் நாலு முட்டை விரிசல், இரண்டாவதில் ஏழு. மூன்றாவது கூடையைத் திறந்தபோது மாமியார் குல்சும் எட்டிப் பார்த்தார்.

"உங்க ஊட்டுல முட்டை அனுப்பறாங்களா, ஆம்லேட்டு அனுப்பறாங்களா?"

அந்த அம்மாள் வேடிக்கையாகத்தான் சொன்னார். எல்லோரையும் அப்படித்தான் பேசுவார். ஆனால் புகுந்த வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆன பெண்ணுக்கு அது காதில் ஈயம் ஊற்றிய மாதிரி இருந்தது. பிறந்த வீட்டிலிருந்து வருவதே அந்த ஒரு கூடைதான். அதுவும் ஒழுகிக்கொண்டு வருகிறது.

மீலாது நபிப் பண்டிகைக்குப் பழவேற்காடு போனபோது ரஷீதா தாயிடம் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: 'ஒருவேளை பஸ்ஸில் இடிபடுகிறதோ என்னவோ உம்மா.'

இரண்டு: 'உமி போதவில்லை போலிருக்கிறது.'

மூன்றாவதுதான் அவள் சொன்னது: "நல்ல முட்டைய எங்கயாவது குடுத்துட்டு, ஒடைஞ்சத என் தலையில கட்டறாளோ இன்னாவோ. குப்பத்துக்காரிய நம்பி அனுப்பறீங்களே உம்மா."

'குப்பத்துக்காரி' என்ற வார்த்தையை எடுத்துவிடலாமா என்று இதை எழுதுகிற நிமிஷம் வரை யோசித்தேன். அதை எடுத்தால் அந்தப் பெண் நல்லவளாகிவிடுகிறாள். இருக்கட்டும்.

மெஹர்னிசா, "சீ, வாய மூடு. பச்ச அப்படிப்பட்டவ இல்ல" என்றுதான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த தடவை முட்டைகளை உமியில் பதிக்கும் முன், ஒவ்வொன்றின் அடியிலும் கண்ணுக்கு மை தீட்டும் சுருமாக் குச்சியால் ஒரு சின்னப் புள்ளி வைத்தாள். மாற்று முட்டை வந்தால் தெரிந்துவிடும் என்று மகளுக்கு ஆள் மூலம் சொல்லியும் அனுப்பினாள்.

கூடை வந்தது. ரஷீதா வாசற்படியிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு முட்டையாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பச்சையம்மா எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா பாப்பா தேடற?"

"ஒண்ணுமில்ல."

"மைப்பொட்டா? பன்னெண்டுலயும் இருக்குது. நான் பஸ்லயே பாத்துட்டேன்."

பன்னிரண்டிலும் இருந்தது. எட்டில் விரிசலும் இருந்தது.

இத்தோடு சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டாமா? தீரவில்லை. மாற்றவில்லை என்றால் போட்டு உடைக்கிறாள் என்று ஆனது. ஒருத்தி மேல் ஒரு குற்றத்தை வைத்துவிட்டால், அது பொய்யாகும்போது அதை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு வெட்கப்பட்டு அந்த இடத்தில் இன்னொரு குற்றத்தை வைத்துவிடுகிறோம்.

6

இந்தப் பகுதியை ஆறு தடவை எழுதினேன். இதுதான் குறைந்த பொய்யுள்ள பிரதி.

கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு நாள், மத்தியானம் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரம். வழக்கமாகக் காலையில் வருகிற பச்சையம்மா அப்போதுதான் வந்தாள். முழங்கால் வரை சேறு. தலையில் ஒரே ஒரு கூடை, மீன் கூடை இல்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தாள். பத்து வருஷமாகக் கையை விட்டு வீசிக்கொண்டு தலைச்சுமையோடு நடக்கிறவள் அவள். சந்தையில் அதைப் பார்த்து வியந்து பேசாதவர்கள் இல்லை.

"பஸ்ல ஏறல பாப்பா. விடிஞ்சதும் கெளம்பினேன், நடந்தே வந்துட்டேன். இன்னிக்கு மீனும் எடுக்கல. இது ஒண்ணுதான்."

பதினோரு மைல்.

கூடையைத் தரையில் வைக்கவில்லை. தன் மடியில் இறக்கி, உட்கார்ந்து, உமியை விரலால் விலக்கினாள். முதல் முட்டை நன்றாக இருந்தது. இரண்டாவதும். மூன்றாவதை எடுத்தபோது விரல் உள்ளே போனது. பிறகு உமி முழுக்க நனைந்திருப்பது தெரிந்தது. பன்னிரண்டில் ஐந்து தேறின.

பச்சையம்மா ரஷீதாவைப் பார்க்கவில்லை, கூடையையே பார்த்தாள்.

"இன்னா பாப்பா இது?" என்றாள். சண்டையாக இல்லை. படித்த பெண்ணாயிற்றே, இவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்ட கேள்வி.

'ரஷீதா உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து

இல்லை. கொண்டுவரவில்லை. ஐந்து பிரதிகளில் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். ஒன்றில் சோறும் போட்டிருக்கிறேன். நடந்தது இது: உள்ளேயிருந்து மாமியார் "யாரு?" என்று கேட்டார். ரஷீதா, "அங்க வெச்சுட்டுப் போ" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பாதி சாத்தினாள்.

அடுத்த வாரம் மெஹர்னிசா, "இனிமே முட்டை வேணாம் பச்ச, அவரு கையிலயே குடுத்தனுப்பறேன்" என்றாள்.

"சரி பாயம்மா" என்றாள் பச்சையம்மா. அதன் பிறகு பின்கதவு வழியாக வரவில்லை. சண்டை போடாத மனிதர்களிடம் ஒரு தொல்லை உண்டு. சமாதானம் பேச வழியே வைக்காமல் போய்விடுகிறார்கள்.

7

அந்தக் கார்த்திகை கழிந்து வந்த தை மாதம் வரதன் முதல் தடவையாக மெஹர்னிசாவின் வீட்டுக்கு வந்தார். அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக்காரர், ஆச்சரியம் வந்தால் தெலுங்கு வந்துவிடும். கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் வராமல் ஊசி போட வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்.

மெஹர்னிசாவின் பின்சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நைனா! இன்னாம்மா இது, செவுத்துல அம்மை போட்டாப்பல?"

"கோழிங்கதான் தம்பி. பேஜாரு. அதனாலதான் அடைச்சு வெச்சிருக்கேன்."

"தெறந்து உடுங்க, பாக்கலாம்."

தட்டியைத் திறந்தார்கள். மெஹர்னிசா ஒரு பிடி நொய் இறைத்தாள். பதினான்கில் ஒன்றுகூட நொய்ப் பக்கம் திரும்பவில்லை. நேரே சுவருக்கு ஓடிக் கொத்தின.

"தீனிய உட்டுட்டு செவுத்துக்கு ஓடுது பாருங்க. இதுங்களுக்கு வேண்டியது அங்க இருக்குது. முட்டை மெலிசா இடுதுங்களா?"

மெஹர்னிசா கொட்டகைக்குள் போய் அன்றைய முட்டை ஒன்றை எடுத்துவந்து கொடுத்தாள். அவர் அதை வாங்கி விரலால் லேசாகத்தான் அழுத்தினார். கையெல்லாம் வழிந்தது.

"ரெண்டு விரல்ல ஒடையற ஓடு. இத எங்கயும் அனுப்பாதீங்க, தலையில பூ மாதிரி எடுத்துக்கினு போனாலும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சே ஒடையும். இதுக்கு முன்னால எங்க மேஞ்சுதுங்க? ஓடு கீடு எதாவது கெடந்துச்சா?"

மெஹர்னிசா கனகாம்பரச் செடிகளைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். வரதன் ஊசியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, மூலையில் ஓடு கிடந்ததையும் அது காளவாய்க்குப் போனதையும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் நான் எழுதிய துண்டறிக்கையில் இருக்கிறது. அதிலிருந்து நாலு வரி:

'பச்சைக் கிளிஞ்சலை, அதாவது சுடாத ஓட்டை, நொய்யை விடப் பெரிதாகவும் துவரம்பருப்பை விடச் சிறிதாகவும் இடித்துக்கொள்ளவும். தீனியோடு கலக்காமல் தனிச் சட்டியில் வைக்கவும். எந்தக் கோழிக்கு எவ்வளவு வேண்டுமோ அது தானே எடுத்துக்கொள்ளும். சுட்ட சுண்ணாம்பைத் தின்னக் கொடுக்கக் கூடாது, அது தொண்டையைப் புண்ணாக்கிவிடும். வெறும் தவிடு ஆகாது. கீரை வேண்டும், வெயில் வேண்டும். எனவே கோழிகளை இருட்டில் அடைக்க வேண்டாம்.'

'கிளிஞ்சல் கிடைக்கும் இடம்: ஏரிக்கரை' என்று எழுதியபோது, அந்த வரிக்குக் கீழே பச்சையம்மாவின் பெயரை எழுதிவிட்டு அடித்தேன். அச்சகத்துக்காரர் அடித்ததையும் படித்துவிட்டு, இது யார் என்று கேட்டார். வீட்டுக்கு வருகிறவர் என்றேன். அதுவும் பொய்.

8

பதினைந்து நாளில் ஓடு கெட்டிப்பட்டது. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த ரஷீதாவிடம் மெஹர்னிசா ஒரு முட்டையைக் கிணற்றுக் கல்லில் டக்கென்று தட்டிக் காட்டினாள். விரிசல் விழவில்லை. நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். ஓடு எங்கே போனது, சுவரில் எப்படி ஏறியது, எல்லாம்.

"அப்ப பச்சம்மா மேல தப்பே இல்ல" என்றாள் ரஷீதா.

"இல்ல."

"சொல்லணும்."

"சொல்லணும். யாரு போறது? மொதல்ல வாயெடுத்தவ நீ."

"நிறுத்துனது நீங்க."

"பொட்டு வெச்சத அவ பாத்துட்டாளேடி. எந்த மூஞ்ச வெச்சுக்கினு நான் குப்பத்துக்குப் போவேன்?"

"ஆள் அனுப்புங்க."

"இன்னான்னு சொல்லி அனுப்பறது? உன் மட்டி ஓட்ட எடுத்து செவுத்துல பூசிட்டோம், அதனாலதான் உன்ன திருடின்னு நெனச்சோம்னா?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. குழந்தை பிறக்கட்டும், நாற்பது நாள் கழியட்டும், மழை விடட்டும் என்று இரண்டு வருஷம் போயிற்று.

இங்கே கதைக்கு ஒரு முடிவு தேவைப்படுகிறது. கைவசம் மூன்று இருக்கின்றன.

(அ) மெஹர்னிசா கெட்டி ஓட்டு முட்டைகளைக் கூடை நிறைய எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போகிறாள். பச்சையம்மா ஒரு முட்டையைக் கல்லில் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். இரண்டு பக்கம் எழுதினேன், படிக்க நன்றாகவே இருக்கிறது. பத்திரிகைக்கு அனுப்பினால் போட்டுவிடுவார்கள். ஆனால் என் உம்மா போகவில்லை.

(ஆ) சொல்லப் போகும்போது பச்சையம்மா இறந்துபோயிருக்கிறாள். இதையும் எழுதினேன், அழுதுகொண்டே எழுதினேன். எழுதி முடித்துவிட்டுத்தான் உறைத்தது: மன்னிப்புக் கேட்கச் சோம்பல்பட்டு ஒரு மனுஷியைக் கொன்றிருக்கிறேன். எழுதுகிறவர்களுக்கு இது கைவந்த வேலை. கிழித்துப் போட்டேன்.

(இ) வரதன் அவளிடம் சொல்லிவிடுகிறார். இதில் எனக்கு வேலையே இல்லை, அதனால் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் வரதன் பச்சையம்மாவைப் பார்த்ததே கிடையாது.

9

இந்தக் கடைசிப் பகுதியில் 'அவள்' என்று எழுத முடியவில்லை. இது நடந்து பத்து நாள்தான் ஆகிறது.

பொன்னேரிச் சந்தைக்குப் போயிருந்தேன். பையனை இடுப்பில் வைத்திருந்தேன். கூட்டத்தில் யாரோ அவன் காலைப் பிடித்து இழுத்து விளையாடினார்கள். குனிந்து பார்த்தால் பச்சையம்மா. கூறு கட்டிய எறாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா புள்ளையா? அப்படியே பாயம்மா மூக்கு. கீழ உடு, பாக்கட்டும் எறாவ."

விட்டேன். அவன் ஒரு எறாவின் மீசையைப் பிடித்து இழுத்தான். அவள் சிரித்தாள். உம்மா சௌக்கியமா என்று கேட்டாள். கோழிகள் இருக்கின்றனவா என்று கேட்டாள். இருக்கின்றன என்றேன்.

வெயில் ஏறியதால் நிழலுக்கு நகர வேண்டியிருந்தது. கூடையை எடுத்தவள் தலைக்குக் கொண்டுபோகவில்லை, இடுப்பில் இடுக்கினாள். உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்தது. இரண்டு எட்டு வைப்பதற்குள் முனகினாள்.

"தலையில வெக்கறதில்லையா பச்சம்மா?"

"எங்க பாப்பா. என் தலைதான் ஆடுதே. உனுக்குத் தெரியாததா?"

"தலையா?"

"அந்த வருசம் உனுக்கு முட்டை கொண்டாந்தேன்ல. பஸ்ஸு குலுக்குதுன்னு மொதல்ல நெனச்சேன். அப்பறம் நடந்தே வந்தேன். அப்பயும் ஒடைஞ்சிச்சே. வேற இன்னா சொல்றது? எனக்கே தெரியாம தலை ஆடுது. வயசாயிட்டா அப்படித்தானாம். அதுலேர்ந்து தலையில எதுவும் ஏத்தறதில்ல. என் மருமவ தண்ணிக் கொடத்தக்கூட எங்கிட்ட குடுக்க மாட்டா." கூடையை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "பாயம்மா நல்லவங்க. வேற யாராவதா இருந்தா அத்தினி முட்டைக்கும் என்ன உண்டு இல்லன்னு பண்ணியிருப்பாங்க."

எங்கள் மேல் கோபமாக இருக்கிறாள் என்று இரண்டரை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கதையையும் அப்படி நினைத்துத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். அவளுக்குக் கோபமே இல்லை. நாங்கள் வைத்த குற்றத்தைப் பதினோரு மைல் நடந்து சோதித்துப் பார்த்து, உண்மைதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டாள்.

'உன் தலை ஆடவில்லை பச்சம்மா. ஓடு மெலிசு.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாலு பக்கத்துக்கு அச்சடித்துக் கொடுத்த விஷயம். வேறு யாரும் பக்கத்தில் இல்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால், இது உனக்கு எப்போது தெரியும் என்று கேட்பாள். நானும் தேதி சொல்ல வேண்டியிருக்கும்.

"எறா இன்னா வெலை?" என்றேன்.

சொன்னாள். ஒரு கூறு அள்ளிப் போட்டுவிட்டு, மேலே ஒரு கை போட்டு, "இது புள்ளைக்கு" என்றாள்.

இதோடு நிறுத்துகிறேன். ஒரு முடிவை எழுதினால் எழுதிவிட்டோம் என்று எனக்கு மனசு ஆறிவிடும். அது ஆறக் கூடாது. பச்சையம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆகவே இதை அச்சடிப்பதால் அவளுக்கு ஆவது ஒன்றுமில்லை. அடுத்த சந்தைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. அவள் இருப்பாள், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருப்பாள். நான் போவேனா என்று என்னைக் கேட்காதீர்கள், என் பதில் எப்படி இருக்கும் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்களாக இருந்தால் முதல் வார்த்தையாக எதைச் சொல்வீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.